முன்சூல்வலிப்பு என்னும் முரட்டுச் சொல்

கர்ப்பத்திலோ பிரசவத்தை ஒட்டியோ இரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைத் தாக்கும் நோய் ‘ப்ரீஎக்லாம்ப்சியா’. மகப்பேற்று மருத்துவத்தைத் தமிழில் எழுதுவோர் அதற்கு ‘முன்சூல்வலிப்பு’ என்று எழுதுகிறார்கள். கையேடு, துண்டறிக்கை, கட்டுரை என்று எங்கும் இதே சொல். தமிழ்ச்சொல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று இத்தனை நாள் விட்டுவைத்தேன். ‘பிரசவத்திற்குப் பிந்தைய முன்சூல்வலிப்பு’ என்ற தலைப்பைப் பார்த்தபின் பொறுக்க முடியவில்லை. ஒரே தொடரில் பிந்தையும் இருக்கிறது, முன்னும் இருக்கிறது!

எக்லாம்ப்சியா கிரேக்க வழிச் சொல். பளிச்சென்று மின்னுதல் என்பது வேர்ப்பொருள். சொல்லாமல் கொள்ளாமல் தாக்கும் பேறுகால வலிப்புக்கு அது பெயராயிற்று. அதற்கு முந்தைய நிலைக்கு ‘ப்ரீ’ சேர்த்தார்கள். இடையில், இரத்தத்தில் நஞ்சு கலப்பதாக எண்ணி ‘டாக்ஸீமியா’ என்றும் அழைத்தார்கள். அப்படியொரு நஞ்சு அகப்படாததால் அந்தப் பெயர் வழக்கொழிந்தது.

சூல் என்ற சொல்லோடு எனக்குப் பகையில்லை. மேகம் சூல் கொள்ளும், பயிர் சூல் கொள்ளும். முதல் கருவைத் தலைச்சூல் என்பார்கள். அழகான சொல். அதைக் கொண்டுபோய் எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் வழக்கு.

‘முன்’னை அடுத்து நிற்பது ‘சூல்’. தமிழ்க் காது அவ்விரண்டையும் சேர்த்தே கேட்கும்: முன்சூல், அதாவது கருவுற்ற தொடக்க காலம். நோயோ பெரும்பாலும் 20 வாரம் கடந்தபின் தலைகாட்டுவது. அடுத்தது ‘வலிப்பு’. இந்நோய் கண்ட பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு வலிப்பு வருவதே இல்லை. இரத்த அழுத்தம் 150/100, சிறுநீரில் புரதம். ஆனாலும் உடம்பில் ஒரு தொல்லையும் தெரியாமல் உட்கார்ந்திருப்பவரிடம் ‘உங்களுக்கு முன்சூல்வலிப்பு’ என்றால் என்ன நினைப்பார்? ‘எனக்கு வலிப்பே வந்ததில்லையே’ என்பார். அல்லது, வலிப்பு என்றாலே மறைக்கும் வழக்கமுள்ள குடும்பமாயிருந்தால் சீட்டை மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். வேறு சிலர் வலிப்பை வலி என்று கேட்டு, பிரசவ வலியைப் பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொள்வார்கள்.

இவற்றையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது, பிள்ளை பிறந்ததும் சூல் முடிந்துவிடுகிறது, நோய் முடிவதில்லை என்பது. பிரசவத்துக்குப் பின் 3 முதல் 6 நாட்களில்தான் அழுத்தம் உச்சத்துக்கு ஏறுவது வழக்கம். கர்ப்பத்தில் ஒரு குறையும் இல்லாதவருக்குப் பிள்ளை பிறந்து 6 வாரத்துக்குள் புதிதாகவும் வரலாம்.

எந்தப் பெயர்தான் நோயை முழுதாகச் சொல்கிறது, கிரேக்கச் சொல் மட்டும் சொல்லிவிட்டதா என்று கேட்பார்கள். சொல்லவில்லைதான். ஆனால் ‘ப்ரீஎக்லாம்ப்சியா’ புரியாத பெயர். கேட்பவர் ‘அப்படியென்றால் என்ன?’ என்று திருப்பிக் கேட்பார். முன்சூல்வலிப்போ புரிந்ததுபோல் காட்டித் தவறான பொருளைக் கையில் கொடுக்கிறது. நோயாளியின் அட்டையில் எழுத ‘ப்ரீஎக்லாம்ப்சியா’வே மேல் என்பேன். தூய்மைவாதிகள் என்னைத் திட்டட்டும்.

மக்கள் வழக்கில் ‘கர்ப்பகால இரத்த அழுத்தம்’ இருக்கிறதே என்றால், அழுத்தம் இல்லாத உடம்பு உண்டா? உயர் என்ற அடையை விழுங்கிவிட்டார்கள். ‘இரத்தக் கொதிப்பு’ இன்னும் மோசம். சூட்டைத் தணித்தால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை அதுவே ஊட்டுகிறது.

கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் அழுத்தம் 140/90ஐத் தொடும் நோய்க்கூட்டம் முழுமைக்கும் ‘பேறுகால உயர் இரத்த அழுத்தம்’ என்பதே என் தேர்வு. பேறுகால விடுப்பு என்றால் பிள்ளை பிறந்தபின் வரும் நாட்களும் அதில் அடக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே நீட்சி இங்கேயும் வேண்டும். அதற்குள் ஒரு வகையான ப்ரீஎக்லாம்ப்சியாவை அப்பெயராலேயே எழுதி, ‘சிறுநீரகம், கல்லீரல் முதலிய உறுப்புகளையும் தாக்குவது’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அழுத்தம் கடுமையாக ஏறியவர்களுக்குப் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும், மற்றவர்களுக்கு 7 முதல் 10 நாட்களுக்குள்ளும் மறுபடி அழுத்தம் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கழகத்தின் வழிகாட்டல். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் ‘கர்ப்பகால’ என்று எழுதிவிட்டு, கர்ப்பம் முடிந்தவரிடம் மறுபடி வாருங்கள் என்றால் எதற்கு வருவார்?

மொழிபெயர்ப்பாளர்களைச் சொல்லத் தொடங்கினால் பட்டியல் நீளும். ‘உயர் இரத்த அழுத்த மேலாண்மை’ என்கிறார்கள். மேலாண்மை அலுவலகத்துக்கு, நோய்க்குச் சிகிச்சை, கவனிப்பு. மறுபரிசோதனைக்கு வருவது இவர்கள் கையில் ‘பின்தொடர்தல்’ ஆகிறது. பின்தொடர்பவர் உளவாளி. எல்லாவற்றிலும் பெரிய கூத்து ‘கடுமையான அம்சங்கள் இருப்பின் மருத்துவரை அணுகவும்’. எந்த அம்சம்? ராசியா, நட்சத்திரமா? அழுத்தம் 160/110ஐத் தொட்டாலும், தலைவலி விடாமல் இருந்தாலும், கண் மங்கினாலும், மேல்வயிற்றில் வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், பகலோ இரவோ, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள் என்று எழுத எந்தக் கலைச்சொல்லும் தேவையில்லை.