ஜூன் 30இற்கு முன் ஒரு ஹொக்கி வீரர் அறிந்திருக்க வேண்டியவை

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதக் கடைசி வாரத்தில் வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கான என்எச்எல் அணிகள், அடுத்த பருவத்துக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரைப் போக விடுவது என்று முடிவெடுக்கின்றன. செய்தியை வாசிப்பவர்கள், போக விடப்பட்டவர் சரியாக விளையாடவில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த வீரரும் அவருடைய வீட்டாரும்கூடப் பல வேளைகளில் அப்படியே நம்பிவிடுகிறார்கள். வீரர்களின் ஒப்பந்தங்களை வாசித்து ஆலோசனை சொல்லும் சட்டத்தரணி என்ற முறையில் நான் பார்ப்பது வேறு. கோடையில் எடுக்கப்படும் முடிவுகளில் பெரும்பகுதியை, களத்தில் காட்டிய திறமைக்கு முன்பாகவே, ஒரு பிறந்த திகதியும் ஓர் உட்பிரிவும் ஓர் உச்சவரம்புத் தொகையும் தீர்மானித்துவிடுகின்றன. ஆகவே தொழில்முறை ஹொக்கியில் கால்வைத்திருக்கும் இளம் வீரர்களும் அவர்களின் பெற்றோரும் முகவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இங்கே சொல்லப்படும் விதிகள் 2026 செப்டெம்பர் 15 வரை நடைமுறையில் உள்ள, லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தத்துக்கு உரியவை. அதன் பின்னர் வரும் புதிய ஒப்பந்தத்தில் சில விதிகள் மாறுகின்றன.

முதலில் இடக்கணக்கைப் பார்ப்போம். லீக்கில் 32 அணிகள் உள்ளன. ஓர் அணி ஒரே நேரத்தில் 50 வீரர்கள் வரை ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாம். ஆனால் பருவம் தொடங்கியதும் முதன்மைப் பட்டியலில் 23 பேருக்கே இடம், ஒரு போட்டிக்குச் சீருடை அணிபவர்களோ 20 பேர். அதாவது 1,600 ஒப்பந்தங்களுக்கு எதிரே 736 இடங்கள். இதற்கு மேல், ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 2004–05 பருவம் முழுவதையும் கதவடைப்பு விழுங்கிய பிறகு, 39 மில்லியன் டொலருடன் அறிமுகமான அந்த வரம்பு, பெருந்தொற்றுக் காலத்தில் 81.5 மில்லியனில் உறைந்து கிடந்து, 2025–26 பருவத்தில் 95.5 மில்லியனை எட்டியிருக்கிறது. கோடையில் மட்டும் அணிகள் இந்த வரம்பைப் பத்து வீதம் தாண்டிச் செல்லலாம். அந்தச் சலுகை பருவம் தொடங்குவதற்கு முன் முடிந்துவிடுவதால், ஜூலையில் தாராளமாகக் கையொப்பமிட்ட அணி ஒக்டோபர் நெருங்கும்போது யாரையாவது கழிக்க வேண்டிய நிலைக்கு வந்து நிற்கும்.

இளம் வீரர்களை அதிகம் பாதிப்பது குவாலிஃபையிங் ஆஃபர் எனப்படும் ஏற்பாடு. ஒப்பந்தம் முடிந்தாலும், பொதுவாக 27 வயது நிறையாமலும் ஏழு பருவங்கள் கணக்கில் சேராமலும் இருக்கும் வீரர் அணியின் உரிமைக்குள்ளேயே இருக்கிறார். அவரைக் கட்டுப்பாடுள்ள வீரர் என்கிறோம். அந்த உரிமையைத் தக்கவைக்க, ஜூன் 25 அல்லது, அணிகள் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தெரிவுசெய்யும் புதியவர் தேர்வுக்குப் பின்வரும் முதல் திங்கட்கிழமை, இவற்றில் எது பிந்தியதோ அந்த நாள் மாலை ஐந்து மணிக்குள் அணி அவருக்கு எழுத்தில் ஓர் ஆஃபர் கொடுத்தாக வேண்டும். முந்தைய ஆண்டில் ஒரு மில்லியன் டொலரோ அதற்கு மேலோ பெற்றவருக்கு அதே சம்பளத்தையாவது கொடுக்க வேண்டும், அதற்குக் கீழே பெற்றவருக்குச் சற்றுக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. கடைசி ஆண்டுக்கு மட்டும் சம்பளத்தை ஏற்றி எழுதும் தந்திரத்தைத் தடுக்க, 2020 திருத்தத்துக்குப் பின் செய்த ஒப்பந்தங்களில், ஆஃபர் அந்த ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியில் 120 வீதத்தைத் தாண்டத் தேவையில்லை என்றும் சேர்த்தார்கள்.

ஆஃபர் வரவில்லையென்றால் அந்த வீரர் ஜூலை 1 நண்பகலில் கட்டுப்பாடற்றவராகி, எந்த அணியுடனும் பேசலாம். கேட்பதற்கு விடுதலைபோலத் தோன்றும். ஆனால் 24 வயதில் அந்தத் தொலைபேசி அழைப்பைப் பெறுபவருக்கு அது பணிநீக்கமாகவே கேட்கிறது. அணி ஏன் கொடுக்காமல் விடுகிறது? பெரும்பாலும் காரணம் நடுத்தீர்ப்பு உரிமைதான். போதிய அனுபவம் சேர்ந்த கட்டுப்பாடுள்ள வீரர், ஆஃபரைப் பெற்ற பின் ஜூலை 5இற்குள் சம்பள நடுத்தீர்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். நடுவர் கொடுக்கும் தொகையை அணி முன்கூட்டி அறிய முடியாது. வரம்பின் விளிம்பில் நிற்கும் அணிக்கு, அறியாத எண் ஒன்றைச் சுமப்பதைவிட வீரரை இழப்பது மலிவாகப் படுகிறது.

கார்ட்டர் வெர்ஹேகி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2020இல் அவர் விளையாடிய ரம்பா பே, லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது; பணமோ நெருக்கடியில் இருந்தது; அவருக்கு ஆஃபர் கொடுக்கப்படவில்லை. புளோரிடா பாந்தர்ஸ் அவரை ஆண்டுக்கு ஒரு மில்லியன் டொலர் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு எடுத்துக்கொண்டது. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் புளோரிடா ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கியபோது அவர் அந்த அணியின் முக்கிய முன்கள வீரர்களில் ஒருவர். டிலன் ஸ்ட்ரோமின் கதையும் ஏறத்தாழ இதுவே. 2022இல் சிக்காகோ அவருக்கு 3.6 மில்லியன் ஆஃபர் கொடுக்க விரும்பவில்லை, வோஷிங்டன் 3.5 மில்லியனுக்கு ஓராண்டு ஒப்பந்தம் செய்து, எட்டு மாதங்களுக்குள் ஐந்தாண்டு, 25 மில்லியன் டொலர் நீட்டிப்பும் கொடுத்தது. 2024–25 பருவத்தில் 82 புள்ளிகளுடன் அந்த அணியின் முதலிடம் அவருக்குத்தான். இப்படி முடியாமல் போனவர்களும் நிறைய இருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஆஃபர் வராதது திறமைக்கு எதிரான தீர்ப்பு என்று வீரரே முடிவுகட்டிக்கொள்வது, ஜூலை 1இல் வரும் முதல் மலிவான ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையொப்பமிடவே அவரைத் தள்ளும்.

காகிதத்தை நேரத்துக்கு அனுப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிக்காகோவே பழைய பாடம். 2009 கோடையில் கிரிஸ் வெர்ஸ்டீக், கேம் பார்க்கர் உட்படச் சில வீரர்களுக்கான ஆஃபர்கள் கெடுவுக்குள் கையில் சேரவில்லை என்று வீரர் சங்கம் முறையிட்டது. முறைப்பாடு வெற்றிபெற்றிருந்தால் அவர்கள் அனைவரும் கட்டுப்பாடற்றவர்களாகி, அணிக்கு எந்த ஈடுமின்றிப் போயிருப்பார்கள். அணி அவ்விருவரையும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.08 மில்லியன் டொலர் வீதம் மூன்றாண்டுக்கு ஒப்பந்தம் செய்து சிக்கலை அடைத்தது. அதே மாதம் பொது முகாமையாளர் டேல் ராலன் ஆலோசகர் பொறுப்புக்கு மாற்றப்பட்டார். விலை அடுத்த கோடையில்தான் முழுமையாகத் தெரிந்தது. 2010 ஜூனில், 49 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணத்தை வென்ற அணி, அடுத்த பருவத்தின் 59.4 மில்லியன் வரம்புக்குள் புக முடியாமல், மாதம் முடிவதற்குள் டஸ்ரின் பஃப்லினையும் வெர்ஸ்டீக்கையும் கைமாற்றியது. ஜூலையில் சான் ஹோசே, தற்காப்பு வீரர் நிக்லஸ் யால்மர்சனுக்கு நான்காண்டு, 14 மில்லியன் டொலர் ஆஃபர் ஷீட்டை, அதாவது வேறோர் அணியின் கட்டுப்பாடுள்ள வீரருக்கு முன்வைக்கும் ஒப்பந்தத்தை, நீட்டியது. சிக்காகோ அதற்கு ஈடுகொடுத்து அவரை வைத்துக்கொண்டது. ஜூலை முடிவில் கோல் காப்பாளர் அன்ரி நியெமிக்கு நடுவர் 2.75 மில்லியன் தீர்ப்பளித்தபோது அணியிடம் இடம் மீதமில்லை. ஓகஸ்ட் தொடக்கத்தில் தீர்ப்பை ஏற்காமல் விலகிக்கொண்டது. கிண்ணத்தை வென்று கொடுத்த அந்தக் கோல் காப்பாளர் அடுத்த மாதம் சேர்ந்த அணி, அதே சான் ஹோசே. நியெமி அந்த வசந்தத்தில் எப்படித் தடுத்தார் என்பதற்கு இந்தச் சங்கிலியில் எங்குமே இடமில்லை என்பதைக் கவனியுங்கள்.

பை-அவுட் எனப்படும் ஒப்பந்த முறிப்பு மூத்த வீரர்களுக்கு உரியது. எஞ்சியிருக்கும் சம்பளத்தில் 26 வயதுக்குக் குறைந்தவருக்கு மூன்றில் ஒரு பங்கும், மற்றவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கும் கொடுத்து, அத்தொகையை எஞ்சிய ஆண்டுகளின் இருமடங்கு காலத்துக்குப் பரப்பிவிடுவார்கள். கையொப்பப் போனஸ் இந்தக் குறைப்புக்குள் வராது. முழுமையாகக் கொடுத்தே ஆக வேண்டும். சம்பளத்தின் பெரும்பகுதியைப் போனஸாக எழுதச் சொல்லி முகவர்கள் மல்லுக்கட்டுவதன் காரணம் இதுதான்: முறித்தாலும் அணிக்கு மிச்சம் ஏதும் இருக்காது, ஆகவே முறிக்கவும் மாட்டார்கள்.

மினசோட்டா வைல்ட் அணியின் கணக்கைக் கிட்டத்தில் பார்த்தால் இந்த விதி எப்படிக் கடிக்கிறது என்பது புரியும். 2012 ஜூலை 4இல் சாக் பரீசே, ரயன் சூட்டர் இருவரும் தலைக்கு 13 ஆண்டு, 98 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். உச்சவரம்புக் கணக்கில், ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியாக, ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 7.54 மில்லியன். ஆனால் பணம் முன்னால் கொட்டப்பட்டு, கடைசி நான்கு ஆண்டுகளுக்கு 6, 2, 1, 1 மில்லியன் என்று வடிந்திருந்தது. 2021இல் முறித்தபோது எஞ்சிய 10 மில்லியனில் மூன்றில் இரண்டு பங்கு, எட்டு ஆண்டுகளுக்குப் பரவி, ஆண்டுக்கு 833,333 டொலர் ஆனது. வரம்புக் கணக்கில் மிச்சமாவது, அந்தந்த ஆண்டுச் சம்பளத்துக்கும் இந்த 833,333இற்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. சம்பளம் ஒரு மில்லியனாக இருந்த ஆண்டில் மிச்சம் 166,667 டொலர், எஞ்சிய 7.37 மில்லியனும், விளையாடாத ஒருவரின் பெயரில் உச்சவரம்பில் உட்கார்ந்திருந்தது. இருவருக்கும் சேர்த்து 2022–23இல் 12.7 மில்லியன், அடுத்த இரு பருவங்களிலும் 14.7 மில்லியன். அந்தப் பணத்துக்குள் விளையாடியிருக்கக்கூடிய நடுத்தர வீரர்கள் வேறு ஊர்களுக்குப் போனார்கள். இவ்வளவு தெரிந்தும் அணி முறித்ததற்கு, அந்தக் கோடையில் வந்த சியாட்டில் விரிவாக்கத் தேர்வும், அதாவது புதிய அணியான சியாட்டில் மற்ற அணிகள் பாதுகாக்காத வீரர்களிலிருந்து ஆட்களை எடுத்ததும், ஒரு காரணம்: இடமாற்றத் தடை உட்பிரிவு இருந்ததால் இருவரையும் கட்டாயமாகப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது, அந்த இடங்கள் வேறு வீரர்களுக்குத் தேவைப்பட்டன.

இடமாற்றத் தடைப் பட்டியலைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பல ஒப்பந்தங்களில் வீரர், தாம் போக விரும்பாத அணிகளின் பெயர்களை ஆண்டுதோறும் குறித்த திகதிக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அவ்வாறு கொடுக்காவிட்டால் அந்த ஆண்டுக்குரிய பாதுகாப்புக் கைநழுவக்கூடும். 2022 மார்ச்சில் வேகஸ் அணி எவ்கெனி டாடோனவை அனஹைமுக்குக் கைமாற்றியது. அவருடைய பத்து அணித் தடைப்பட்டியலில் அனஹைம் இருந்தது; அவர் முன்பு ஒட்டாவாவில் இருந்தபோது எழுதப்பட்ட உட்பிரிவு அது. லீக் இரண்டு நாளில் அந்தப் பரிமாற்றத்தைச் செல்லாதென்று அறிவித்தது. பட்டியலை அனுப்பினால், பெற்றுக்கொண்டோம் என்ற பதிலையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அணி மாறினால் அதன் பிரதியைப் புதிய நிர்வாகத்துக்கும் அனுப்பிவிடுங்கள். முகவர் பார்த்துக்கொள்வார் என்று விடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஆஃபர் ஷீட் அரிதாகத்தான் வரும்; ஆனால் வந்தால், பழைய அணி ஈடுகொடுக்கக் கிடைக்கும் ஏழு நாட்களுக்குள் ஒருவருடைய வாழ்க்கை மாறிவிடும். 2024 ஓகஸ்டில் சென் லூயிஸ், எட்மன்ரனின் பிலிப் ப்ரோபெர்க்குக்கு ஆண்டுக்கு 4,580,917 டொலரும், டிலன் ஹாலோவேக்கு 2,290,457 டொலரும் முன்வைத்தது. இந்த விந்தையான எண்கள் வீரர்களின் மதிப்பிலிருந்து பிறந்தவை அல்ல. எந்தத் தொகை வரை, வீரரை இழக்கும் அணிக்குப் புதியவர் தேர்வின் எந்தச் சுற்றுத் தேர்வை நட்டஈடாகக் கொடுக்க வேண்டும் என்ற அட்டவணையில், முறையே இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் உரிய மேல் எல்லைகள் அவை. இறுதிப்போட்டி வரை போன எட்மன்ரன், ஜூலைத் தொடக்கத்தில் மூத்த வீரர்களைச் சேர்த்து இடத்தை நிரப்பிவிட்டிருந்தது, இருவரையும் இழந்தது.

நடுத்தீர்ப்பு விசாரணையைப் பற்றி வீரர்களிடம் முன்கூட்டியே ஒளிவுமறைவின்றிப் பேசிவிடுவது நல்லது. தங்கள் அணியின் சார்பில் வருபவர்களே, வீரருக்கு முன்னால் அமர்ந்து, அவர் ஏன் கேட்கும் தொகைக்கு உரியவர் அல்லர் என்று வாதிடுவார்கள். ஜெரமி ஸ்வேமன் 2023இல் அந்த வழியில் 3.475 மில்லியன் பெற்றார். மீண்டும் அந்த அனுபவம் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த கோடையில் விண்ணப்பிக்காமல் ஒக்டோபர் வரை காத்திருந்து, ஆண்டுக்கு 8.25 மில்லியன் வீதம் எட்டாண்டு ஒப்பந்தம் பெற்றார். காத்திருப்பதற்கும் எல்லை உண்டு: டிசெம்பர் 1இற்குள் கையொப்பமிடாத கட்டுப்பாடுள்ள வீரர் அந்தப் பருவம் முழுவதும் லீக்கில் விளையாட முடியாது. 2018இல் வில்லியம் நைலாண்டரும் ரொறன்ரோவும் அந்த மாலைக் கெடுவின் கடைசி நிமிடங்கள் வரை இழுத்தார்கள். அவ்வாறு இழுக்க ஒரு நட்சத்திர வீரரால் முடியும். மூன்றாவது வரிசையில் விளையாடுபவர் இழுத்தால் அவருடைய இடத்தில் வேறொருவர் பழகிவிடுவார்.

விளிம்பில் நிற்கும் வீரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது சம்பளத்தைப் பற்றி. குறைவாகக் கேட்பது வேவர் விலக்கைப் பற்றி. செப்டெம்பர் இறுதியில் ஒருவரை, என்எச்எல்லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏஎச்எல்லின் அணிக்கு அனுப்ப, விலக்குக் காலம் முடிந்தவராயின், அவரை முதலில் 24 மணி நேரம் வேவரில் வைக்க வேண்டும். அதற்குள் மற்ற 31 அணிகளில் எதுவும் அவரை எடுத்துக்கொள்ளலாம். விலக்கு உள்ளவரையோ கேள்வியில்லாமல் அனுப்பலாம். ஆகவே பயிற்சி முகாமில் இருவர் சமமாக விளையாடினால், ஏன், விலக்கு உள்ள இளைஞர் சற்றுச் சிறப்பாகவே விளையாடினாலும், கீழே அனுப்பப்படுபவர் பெரும்பாலும் அவர்தான். மற்றவரை அனுப்பினால் இழந்துவிடுவோம் என்ற அச்சம் நிர்வாகத்துக்கு. இரட்டைச் சம்பள ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இதன் பொருள் நேரடியானது: என்எச்எல் பட்டியலில் இருக்கும் நாளுக்கு 775,000 டொலரோ அதற்கு மேலோ உள்ள ஆண்டுச் சம்பளத்தின் ஒரு நாட்பங்கு, ஏஎச்எல்லில் இருக்கும் நாளுக்கு அதைவிட மிகக் குறைந்த இன்னொரு தொகையின் நாட்பங்கு. ஜூலையில் இவ்வகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் முகவரிடம் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: வேவர் விலக்கு எத்தனை போட்டிகளில் அல்லது எந்த ஆண்டில் முடிகிறது, எங்கே விளையாடினாலும் கிடைக்கும் உத்தரவாதத் தொகை ஒன்று ஒப்பந்தத்தில் உண்டா, 25 வயதில், மூன்று தொழில்முறைப் பருவங்களுடன் 80 என்எச்எல் போட்டிகளைத் தொடாத முன்கள அல்லது தற்காப்பு வீரருக்குக் கிடைக்கும் கட்டுப்பாடற்ற நிலை, இந்த ஒப்பந்தம் முடியும் ஜூன் 30இல் உங்களுக்குப் பொருந்துமா. கடைசிக் கேள்விக்கு விடை ஆம் என்றால், இரண்டாண்டு ஒப்பந்தத்தைவிட ஓராண்டு ஒப்பந்தமே உங்களுக்குச் சாதகமாக இருக்கக்கூடும். அணி இரண்டாண்டை வற்புறுத்துவதன் காரணமும் அதுவாகவே இருக்கலாம்.