போர் வீடியோவில் நிழலை அளப்பது எப்படி?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் ராணுவத்தில், ஜம்மு பக்கம் வேலை. 2025 மே 7 அதிகாலை இந்தியா பாகிஸ்தான் மீது தாக்குதலைத் தொடங்கியதிலிருந்து மே 10 மாலை சண்டை நிறுத்தம் அறிவிக்கும் வரை வீட்டில் டிவியை அணைக்கவே இல்லையாம். "ஒரு சேனல்ல கராச்சி துறைமுகமே எரிஞ்சு போச்சுன்னாங்க. வாட்ஸ்அப்புல குஜராத் ஹசீரா துறைமுகத்தை அவங்க அடிச்சுட்டாங்கன்னு வீடியோ வந்துச்சு. எந்தச் சேனலைப் பார்த்தா உண்மை தெரியுமுங்க?" என்று கேட்கிறார்.

இரண்டுமே பொய். கராச்சி துறைமுகத்தை யாரும் அழிக்கவில்லை. ஹசீரா என்று வந்த வீடியோ 2021 ஜூலையில் நடந்த ஓர் எண்ணெய் டேங்கர் வெடிப்பு. மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு அப்போதே அதைச் சொல்லிவிட்டது. முதல் பொய் நமக்கு இனிக்கிறது, இரண்டாவது பயமுறுத்துகிறது. இரண்டுமே விசாரிக்காமல் அடுத்த குரூப்புக்குப் போகிற சரக்குதான்.

அந்த அம்மாவுக்கு ஒரு சேனல் பெயரைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. போர் நடக்கும்போது செய்தியாளர்கள் பெரும்பாலும் களத்துக்குள் போக முடியாது. இரு தரப்பு ராணுவமும் தங்களுக்கு வேண்டியதை மட்டும்தான் சொல்லும். நேற்று சரியாகச் சொன்ன நிறுவனமே இன்று இரவு அவசரத்தில் தவறலாம். அதனால் யார் சொன்னார்கள் என்பதோடு நிற்காமல், படத்துக்குள் அளந்து பார்க்கக் கூடியது என்ன இருக்கிறது என்று கேட்கப் பழக வேண்டும்.

முதல் படி எல்லோருக்கும் தெரிந்தது. வீடியோவை நிறுத்தி, தெளிவான ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸிலோ யாண்டெக்ஸிலோ போட்டுத் தேடுவது. பழைய வீடியோ என்றால் பாதிக்கு மேல் இதிலேயே மாட்டிக்கொள்ளும். 'ஆர்மா 3' என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உக்ரைன், காஸா, இந்தியா–பாகிஸ்தான் என ஒவ்வொரு சண்டையிலும் நிஜப் போராக உலா வந்தன. அந்த விளையாட்டைத் தயாரித்த நிறுவனமே 2022-இல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று. சரி, தேடியும் எதுவும் கிடைக்கவில்லை, வீடியோ புதிதுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் நிழல் வேலைக்கு வருகிறது.

ஒரு பொருளின் உயரத்தை அதன் நிழலின் நீளத்தால் வகுத்தால் சூரியனின் உயரக் கோணத்துக்கான டேன் மதிப்பு கிடைக்கும். பத்தாம் வகுப்பில் 'உயரங்களும் தொலைவுகளும்' பாடத்தில் எல்லோரும் போட்ட கணக்கு. சூரியன் எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதும் துல்லியமாகத் தெரியும். ஊர், தேதி, நேரம் மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவதை நிழலிடமிருந்து கறந்துவிடலாம்.

நம் பெரியவர்கள் கடிகாரம் இல்லாமல் இதைச் செய்திருக்கிறார்கள். பதினாறு விரற்கடை நீளமுள்ள ஒரு துரும்பை எடுத்து மடக்குவார்கள். ஒரு பாதி தரையில் படுத்திருக்கும், மறு பாதி நிமிர்ந்து நிற்கும். நிற்கிற பகுதியின் நிழல், படுத்திருக்கிற பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்வரை மடிப்பை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். தொட்டதும் நிற்கிற பகுதியை விரலால் அளந்தால் அத்தனை நாழிகை (ஒரு நாழிகை 24 நிமிடம்). காலையென்றால் சூரியன் உதித்ததிலிருந்து, மாலையென்றால் மறைவதற்கு இன்னும் எவ்வளவு என்று.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில், கோவையில் சூரியன் உதித்து மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 45 டிகிரிக்கு ஏறிவிடும். 45 டிகிரியில் உயரமும் நிழலும் சமம். துரும்பு எட்டுக்கு எட்டாக மடியும். எட்டு நாழிகை என்றால் 3 மணி 12 நிமிடம். பிழை பத்து நிமிடத்துக்குள்! உச்சிவேளையில் நிழல் ஏறக்குறைய மறைந்து துரும்பு முழுசாக நிமிரப் பார்க்கும். ஒரு துரும்பு, பத்து விரல், அவ்வளவுதான் கருவி.

இப்போது அதே துரும்பை உக்ரைனின் கீவ் நகருக்கு டிசம்பர் 21 அன்று கொண்டுபோவோம். கீவ் 50 டிகிரி வடக்கில் இருக்கிறது. அன்று நண்பகலில்கூட சூரியன் 16 டிகிரிக்கு மேல் ஏறாது. துரும்பின் நிற்கிற பகுதி மூன்றரை விரற்கடையைத் தாண்டுவதே கஷ்டம். உச்சிவேளையிலேயே, சூரியன் உதித்து ஒன்றரை மணி நேரம்தான் ஆயிற்று என்று அது சொல்லும். நம் துரும்புக் கடிகாரம் நம் அட்சரேகைக்கு மட்டும் பொருந்தும்படி அமைந்தது. அது பொய்க்கும் விதமே ஊரைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆறடி மனிதர் ஒருவர் டிசம்பர் 21 நண்பகலில் கோவை காந்திபுரத்தில் நின்றால் நிழல் சுமார் நான்கடி. காஸாவில் நின்றால் எட்டரை அடி. கீவில் இருபதடிக்கு மேல். "கீவ், டிசம்பர்" என்று தலைப்பிட்டு வந்த வெயில் வீடியோவில் ஆட்களின் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தால், அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை.

நிழலின் நீளத்தைவிடத் திசை இன்னும் நம்பகமானது. கேமரா கோணத்தால் நீளம் ஏமாற்றும். அருகில் இருப்பது பெரிதாகவும் தொலைவில் இருப்பது சிறிதாகவும் விழும். திசையை மட்டும் செயற்கைக்கோள் படத்தில் உள்ள சாலை, சுவர் இவற்றோடு ஒப்பிட்டு நேராக அளக்கலாம். கோவை 11 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் இங்கே தெற்கே விழும். கீவிலோ காஸாவிலோ நண்பகல் நிழல் ஒருநாளும் தெற்கே விழாது. இன்னொரு விஷயம்: கோவையின் நண்பகல் 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, கோவை 77 டிகிரியில் இருக்கிறது. அதனால் நம் உச்சிவேளை சராசரியாக 12.22-க்கு. அந்த வித்தியாசத்தைக் கழிக்காமல் நிழலைப் பார்த்து நேரம் சொன்னால் தப்பாகிவிடும். 'சன்கால்க்' போன்ற இணையதளங்கள் இதையெல்லாம் தாமே கணக்கிட்டுத் தந்துவிடுகின்றன.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2018 ஜூலையில் ஒரு வீடியோ வெளியானது. சிப்பாய்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் புழுதிப் பாதையில் நடத்திக்கொண்டு போய்ச் சுட்டுக் கொல்கிறார்கள். கேமரூன் நாட்டு ராணுவம் என்று பலரும் சொன்னார்கள். அந்நாட்டு அரசு பொய்ச் செய்தி என்று மறுத்தது. பிபிசி ஆப்பிரிக்கா குழு வீடியோவில் பின்னால் தெரிந்த மலைமுகட்டின் வரிவடிவத்தை எடுத்து, கூகுள் எர்த்தின் மலைகளோடு பொருத்தியது. கேமரூனின் வடகோடியில், நைஜீரிய எல்லைக்கு அருகில் செலவெட் என்ற ஊர் மாட்டியது. ஏறக்குறைய நம் கோவையின் அட்சரேகைதான்.

இடம் தெரிந்துவிட்டது, எப்போது என்பதுதான் பாக்கி. அங்கே நிற்கும் ஒரு கட்டடம் எந்த ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களில் இருக்கிறது, எப்போது காணாமல் போகிறது என்று பார்த்து 2014 இறுதிக்கும் 2016 தொடக்கத்துக்கும் இடையே என்று சுருக்கினார்கள். அவர்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை வறண்ட மாதங்களில் மட்டுமே தெரிகிறது. கடைசியாக, நடந்துபோகும் சிப்பாய்களின் நிழல். அதன் சாய்வை அளந்து, 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடைப்பட்ட நாள் என்றார்கள்.

நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிற இடம் இதுதான். சூரியன் ஒரே பாதையில் ஆண்டுக்கு இருமுறை போகிறது; ஜூன் 21-க்கு முன்னும் பின்னும் சம தூரத்தில் உள்ள இரண்டு நாட்களில் நிழல் ஒன்றுபோலவே விழும். மார்ச் கடைசியின் நிழல் செப்டம்பரிலும் வரும். நிழலை மட்டும் வைத்து இரண்டில் எது என்று சொல்லவே முடியாது. ஆனால் அங்கே செப்டம்பர் மழைக்காலம், அந்தப் பாதை புல் மூடிக் கிடக்கும். வானம் விட்டுவைத்த சந்தேகத்தை மண் தீர்த்துவைக்கிறது. கேமரூன் அரசு தன் சிப்பாய்களைக் கைது செய்தது; 2020-இல் நான்கு பேருக்கு பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

செயற்கை நுண்ணறிவு படமே வரைந்துவிடுகிறதே, அப்புறம் நிழலையும் வரையாதா என்று கேட்கலாம். வரையும். ஆனால் ஒரே சூரியனின் வெளிச்சத்தில் எடுத்த படத்தில், ஒவ்வொரு பொருளின் உச்சியையும் அதன் நிழலின் உச்சியோடு இணைத்துக் கோடு போட்டு நீட்டினால் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் கூட வேண்டும். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஹேனி ஃபரீத் போன்றவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் சோதனை இது. கண்ணுக்கு அழகாகத் தெரியும் போலிப் படங்களில் இந்தக் கோடுகள் பல சமயம் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடும்.

ஒலியும் சாட்சி சொல்லும். வெடிப்பின் வெளிச்சம் தெரிந்து சத்தம் மூன்று நொடி கழித்து வந்தால் தொலைவு சுமார் ஒரு கிலோமீட்டர். தூரத்து வெடிப்பில் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தால் சத்தத்தை யாரோ ஒட்டியிருக்கிறார்கள்.

இங்கே எனக்கு ஒரு ஆதங்கம். இந்தக் கோணவியலை நம் பள்ளிகளில் மார்க்குக்காகக் கலங்கரை விளக்கத்தையும் கப்பலையும் வைத்தே சொல்லிக்கொடுக்கிறோம். செல்போனில் வந்த ஒரு வீடியோவை வைத்து ஒரு வகுப்பு நடத்தினால் பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். அதே நேரத்தில், போர் எந்த ராசியில் தொடங்கி எப்போது முடியும் என்று பேசுகிற யூடியூப் ஜோதிடர்களை ஊரே பார்க்கிறது. பஞ்சாங்கத்தில் சூரிய உதயம் சரியாக வருவது கணக்கால். அந்த நம்பகத்தைக் கடன் வாங்கிப் பலன் சொல்வது பெரும் அநியாயம். இன்னொன்று, மேலே சொன்ன துப்பறிதல் எல்லாம் நடப்பதற்குக் காரணம் செயற்கைக்கோள் படங்கள் பொதுமக்களுக்குக் கிடைப்பது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 ஐந்து நாளுக்கொருமுறை பத்து மீட்டர் துல்லியத்தில் தருகிறது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த படம் மக்களுக்கே திரும்ப வர வேண்டும். இஸ்ரோவின் 'புவன்' தளத்துக்கும் இன்னும் நிறைய நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் நிழலால் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. படம் உண்மை, இடம் உண்மை, தேதியும் உண்மை. ஆனால் ஒரு பக்கத்துச் சாவை மட்டும் காட்டி மறு பக்கத்தை விட்டுவிட்டால்? செய்தியில் ஒருதலைச் சாய்வு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அதற்கு ஒரே சம்பவத்தை இரு நாட்டு ஊடகங்களிலும், மூன்றாவதாக இரண்டிலும் சேராத ஒரு செய்தி முகமையிலும் படித்து, யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். தன் தரப்புக்கே பாதகமானதை ஒருவர் ஒப்புக்கொண்டால் அதற்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கலாம். "ராணுவம் கூறுகிறது" என்பதையும் "நாங்கள் சரிபார்த்தோம்" என்பதையும் பிரித்து எழுதுகிற, எப்படிச் சரிபார்த்தோம் என்று காட்டுகிற, தப்பானால் திருத்தம் போடுகிற இடம் எதுவோ அதை நம்பத் தொடங்கலாம்.

போர் இல்லாமலேயே கொங்கு நாடு இதற்கு விலை கொடுத்திருக்கிறது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று, எங்கெங்கோ எடுத்த காட்சிகளைச் சேர்த்து வீடியோக்கள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் பயந்துபோன தொழிலாளர்கள் பலர் மூட்டை கட்டினார்கள். போலீஸ் அவர்கள் மொழியிலேயே பேசி விளக்க வேண்டியிருந்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

2023 நவம்பரிலிருந்து ஏமன் நாட்டின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கு இன்னொரு வகைத் தேவை வந்தது. "வழி திறந்தாச்சு" என்று ஒரு செய்தி வந்தால் கண்டெய்னர் வாடகைக் கணக்கே மாறும். பெரிய சரக்குக் கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைத் தானியங்கிக் கருவியால் ஒலிபரப்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. அதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். சூயஸ் பக்கம் போகிறதா, ஆப்பிரிக்காவைச் சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். ஒரே எச்சரிக்கை: அந்தக் கருவி ஜிபிஎஸ்ஸை நம்பியிருக்கிறது, போர்ப் பகுதிகளில் ஜிபிஎஸ் சிக்னலையே குழப்பிவிடுகிறார்கள். கடலில் இருக்கும் கப்பல் வரைபடத்தில் ஏதாவது விமான நிலையத்தின் நடுவே நிற்கிறது என்றால் அந்தத் தகவலைத் தள்ளிவைத்துவிட்டு, அது அடுத்த துறைமுகத்துக்கு எப்போது வந்து சேர்ந்தது என்று பாருங்கள்.