மீப்பாய்

மதுரையில் பாய் என்றால் படுக்கும் கோரைப்பாயே முதலில் நினைவுக்கு வரும். கடல் எட்டாத ஊருக்கு அது இயல்புதான். ஆயினும் இவ்வூரின் பெயரைத் தாங்கிய மதுரைக்காஞ்சியில் ‘நெடுங்கொடி மிசை இதையெடுத்து’ப் பெருநாவாய்கள் கரை சேர்கின்றன. அங்கே ‘இதை’ என்பது கப்பற்பாய். அச்சொல் வழக்கிழந்துவிட, விரிப்புக்கும் கப்பலுக்கும் பொதுவான ‘பாய்’ நிலைத்தது. கப்பற்பாய்களுள் பாய்மரத்தின் உச்சியில் விரிபவற்றைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதே இங்குக் கேள்வி.

பிற்கால ஐரோப்பியப் பெருங்கப்பல்களில் ஒரே பாய்மரத்தின் குறுக்குச் சட்டங்களில் பாய்கள் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டன: அடியில் பெரும்பாய், அதற்குமேல் டாப்செயில், டாப்கேலண்ட், ராயல், சில விரைவுக் கப்பல்களில் ஸ்கைசெயில், மிக அரிதாக மூன்ரேக்கர். டாப்செயில் அடியிலிருந்து இரண்டாவதுதான் என்பதால், அதை ‘உச்சிப்பாய்’ என்று பெயர்ப்பது பிழை. ‘டாப்கேலண்ட் ராயல்’ என்று முன்பு வழங்கிய பெயரின் முற்பகுதி உதிர்ந்து ‘ராயல்’ மட்டும் எஞ்சியது. அதை ‘அரசப்பாய்’ ஆக்கினால், அரசர் ஏறிவரும் கப்பலின் பாய் என்றே படிப்பவர் எண்ணுவர்.

ராயல் முதலாக மர உச்சியில் விரியும் பாய்கள் அளவில் சிறியவை. உயரத்தில் காற்று சற்று வலுவாக வீசுவதால் இளங்காற்றில் இவை பெரிதும் உதவும். காற்று மிகுந்தாலோ, மெலிந்த மரநுனியை முறித்துவிடவும் கப்பலைச் சாய்த்துவிடவும் கூடும் என்பதால், இவற்றையே முதலில் சுருட்டுவர்.

இவற்றுக்குப் பொதுப்பெயரைப் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. புறநானூற்றின் 30ஆம் பாடலில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ‘கூம்பொடு மீப்பாய் களையாது மிசைப்பரம் தோண்டாது’ புகாருக்குள் புகுந்த பெருங்கலத்தைப் பாடுகிறார். கூம்பு பாய்மரம், ‘மீ’ மேல், மீப்பாய் மேலே விரிந்த பாய். அதைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் கலம் நுழைந்தது என்பது துறையின் ஆழத்தைக் காட்டுவதாகக் கொள்ளலாம். சங்ககாலக் கலங்களில் ஐந்தாறு அடுக்குப் பாய்கள் இருந்தன என்று இதைக்கொண்டு வாதிட முடியாது. ஆனால் பொருள் நீட்சிக்குச் சொல் தாராளமாக இடந்தருகிறது. தனித்தனியே சுட்ட வேண்டுமானால் ஸ்கைசெயிலை வான்பாய் என்றும் மூன்ரேக்கரை நிலாப்பாய் என்றும் சொல்லலாம். ராயலை அப்படியே விடுவது மேல்.

ஒரே இடர்ப்பாடு, மீயொலி (அல்ட்ராசவுண்ட்) போன்ற இன்றைய ஆக்கங்களால் ‘மீ’ மிகுதியைக் குறிப்பதாகப் பழகிவிட்டது. மீப்பாயை மாபெரும் பாய் என்று மயங்காதிருக்க, முதன்முறை எழுதுகையில் ‘மர உச்சியிலுள்ள சிறு பாய்’ என விளக்கிவிடுவது நல்லது.