அடுக்கிய கண்ணாடியில் வெண்திட்டு விழுவது ஏன்?

ஹற்றனில் கண்ணாடிக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொழும்பிலிருந்து வந்த பெட்டியை இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால், தகடுகளில் பால் தெளித்தாற்போல வெண்திட்டுகள். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மழையில் நனையவும் இல்லை. கண்ணூறு என்கிறார்கள்."

தகடுகள் தனித்தனியாக நின்று மழையில் நனைந்திருந்தால் இத்தனை கேடு வந்திராது, ஐயா. தேயிலைத் தொழிற்சாலை யன்னல்கள் ஆண்டுக்கணக்கில் சாரலில் நனைந்தும் தெளிவாகவே நிற்கின்றன.

யன்னல் கண்ணாடியில் 70 வீதத்துக்கு மேல் சிலிக்காவும், 13 வீதமளவில் சோடியம் ஒட்சைட்டும் உண்டு. நீர் பட்டதும் சோடியம் அயன்கள் (மின்னேற்றமுள்ள அணுக்கள்) மெல்லக் கசிய, அவற்றின் இடத்தில் நீரின் ஐதரசன் அயன்கள் புகுவதால், எஞ்சும் நீர் காரமாகிறது. மழை அந்தக் காரத்தை அப்போதைக்கப்போதே கழுவிவிடும். இரு தகடுகளுக்கிடையே மெல்லிய படலமாகச் சிக்கிய நீருக்கோ போக்கிடமில்லை. அது மிகச் சொற்பமாதலால், சிறிதளவு சோடியம் சேர்ந்தாலே, காரத்தின் அளவைக் காட்டும் பீ.எச். பெறுமானம் (தூய நீரில் 7) 9ஐத் தாண்டிவிடுகிறது. அதன்பின் கண்ணாடியின் கட்டமைப்பான சிலிக்கா வலைப்பின்னலே கரையத் தொடங்கி, மேலும் சோடியம் விடுபட, காரம் இன்னும் ஏறுகிறது. தன்னிலிருந்து கசிந்ததே தன்னை அரிக்கும் இந்தச் சுழற்சி எனக்கு என்றுமே வியப்புத் தருவது. முதலில் எண்ணெய் படிந்தாற்போல வானவில் நிறம் தெரியும், பிறகு வெண்திட்டு. சிதைந்திருப்பது மேற்பரப்பே என்பதால் சவர்க்காரம் பயன்படாது. இலேசான கறையைச் சீரியம் ஒட்சைட்டுத் தூளால் மெருகிட்டு அகற்றலாம்.

ஈரம் வந்தது பெட்டிக்குள் அடைபட்ட காற்றிலிருந்துதான். கொழும்பின் வெக்கையான ஈரக்காற்று லொறியோடு கினிகத்தேனை வழியாக ஏறி, 1,200 மீற்றருக்கு மேலுள்ள ஹற்றனின் இரவுக் குளிரில் தகடுகளின்மேல் பனித்துளியாக ஒடுங்குகிறது.

இதற்காகவே தொழிற்சாலைகளில் தகடுகளுக்கிடையே நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளோடு அடிப்பிக் அமிலம் கலந்த தூளைத் தூவுகிறார்கள். மணிகள் இடைவெளி தர, அமிலம் காரத்தை முறிக்கிறது. ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வைக்கப்படுவதுண்டு. ஈரம் பிடித்த பழைய பத்திரிகைத் தாள் இவற்றுக்கு ஈடாகாது, நீரைக் கண்ணாடியோடு அணைத்தே வைத்திருக்கும். கண்ணூறு கழிக்கச் செலவிடும் பணத்தில் ஈரப்பதன்மானி ஒன்றை வாங்கி மாட்டுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

தகடுகளை நிலத்தில் கிடத்தாமல், இறப்பர் பதித்த மரச்சட்டத்தில் சற்றே சாய்த்து நிறுத்துங்கள். 5 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சதுர மீற்றர் கண்ணாடி 12.5 கிலோ எடையாதலால், இருபது தகடு சரிந்தால் 250 கிலோ விழும். அடுக்கு சரியக்கூடிய பக்கத்தில் எவரும் நிற்கலாகாது. குளிரில் வந்த பெட்டியை, அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். உள்ளே ஈரம் தென்பட்டால், அன்றே தகடுகளைத் தனித்தனியாக எடுத்துத் துடைத்து, காற்றுப் புகும்படி இடைவெளிவிட்டு நிறுத்துங்கள்.