முதுநிலைப் பட்டியல் வந்தால் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

சில மாதங்களுக்கு முன் ஓர் அரசு அலுவலர் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்து, இரண்டு தாள்களை மேசையில் அருகருகே வைத்தார். ஒன்று, அவர் தேர்வான ஆண்டின் தேர்வாணையத் தரவரிசை. அதில் அவருக்கு 10-வது இடம். இன்னொன்று, துறை வெளியிட்ட முதுநிலைப் பட்டியல், அதாவது பணியில் யார் யாருக்கு மூத்தவர் என்ற வரிசை. அதில் 33. "என்னைவிட மார்க் குறைவா வாங்கினவர் எனக்கு மேல இருக்கார். அவரும் நானும் ஒரே பிற்படுத்தப்பட்ட பிரிவுதான்" என்றார். பட்டியல் வந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. பதவி உயர்வுக்குரியவர்களின் பட்டியலான பேனலில் அந்த இன்னொருவர் பெயர் ஏறிய பிறகுதான் இவர் அதை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

10 எப்படி 33 ஆனது? தமிழ்நாட்டில் இனச்சுழற்சி, அதாவது எத்தனையாவது இடம் எந்தப் பிரிவுக்கு என்று சொல்லும் வரிசை, 200 முறைகள் (இடங்கள்) கொண்டது. 69 சதவீதம் இடஒதுக்கீடு போக, அதில் பொதுப்பிரிவுக்கு வருபவை 62. இந்தப் பொது இடங்களில் முதலில் உட்காருபவர்கள், எந்தச் சமூகமானாலும், அதிக மதிப்பெண் வாங்கியவர்கள். அப்படிப் பார்த்தால் பத்தாவது பொது முறை வருவதற்குள் சுழற்சியில் முப்பது எண்கள் கடந்துவிடும். ஆனால் ஒதுக்கீட்டு இடத்தில் முதலாவதாகத் தேர்வானவர் சுழற்சியின் தொடக்கத்திலேயே வந்துவிடுவார். சுழற்சி எண்ணையே முதுநிலை எண்ணாக எழுதினால், நன்றாக எழுதிப் பொதுப்பிரிவில் தேர்வான பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சமூகப் பிள்ளைகளும் அந்த ஒரே காரணத்தால் கீழே போகிறார்கள். இதை இடஒதுக்கீட்டுக்கு எதிரான வாதம் என்று நினைப்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். எத்தனை பேர், எந்தப் பிரிவில் உள்ளே வர வேண்டும் என்பதற்குத்தான் இனச்சுழற்சி. வந்தபின் யார் மூத்தவர் என்பதற்குத் தரவரிசை இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2003-இல் பிம்லேஷ் தன்வர் வழக்கிலேயே, சுழற்சி எண்ணை வைத்து முதுநிலை நிர்ணயிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் அதையே சொன்னது. அரசுத் தரப்பின் மேல்முறையீடு 2016-இல் தள்ளுபடியானது. அதே ஆண்டு அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம் வந்து, சுழற்சிவழி முதுநிலையை முந்தைய தேதியிலிருந்தே செல்லும்படி ஆக்கிக் காப்பாற்றப் பார்த்தது. அந்தப் பிரிவுகளை 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. தீர்ப்பை நிறைவேற்றவில்லை என்று அவமதிப்பு வழக்கு போட்டு, 2021 அக்டோபரில் மறுபடி உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இத்தனை தீர்ப்பும் கையில் இருந்தும் தாமதத்தால் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாடு மாநில மற்றும் சார்நிலைப் பணி விதிகளில் 35(எஃப்) என்று ஒன்று உண்டு. முதுநிலையைத் திருத்தக் கோரும் மனுவை மூன்று ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றமும் மூன்று, நான்கு ஆண்டுகளைத்தான் நியாயமான காலம் என்றது. காரணம் புரிகிறது. பத்து ஆண்டுகள் ஓர் இடத்தில் உட்கார்ந்து, அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட்டவரைத் திடீரென்று கீழே இறக்குவதும் நியாயமில்லைதானே.

அதனால் தற்காலிக முதுநிலைப் பட்டியல் சுற்றுக்கு வரும் நாள்தான் முக்கியமான நாள். அலுவலகத்தில் நடப்பது என்ன? கட்டுக்கட்டாகத் தாள் வரும், உதவியாளர் "சார், இதுல ஒரு கையெழுத்து" என்பார், நாமும் போட்டுவிடுவோம். போடுங்கள், ஆனால் நகல் கேளுங்கள். தேர்வாணையத் தரவரிசையைப் பக்கத்தில் வைத்து, உங்களுக்கு மேலே உள்ள ஒவ்வொரு பெயரையும் சரிபாருங்கள். தவறு என்றால் உரிய வழியாக மனு கொடுத்து, நகலில் 'பெறப்பட்டது' முத்திரை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னேன், கண்காணிப்பாளர் பார்க்கிறேன் என்றார் என்பது நீதிமன்றத்தில் நிற்காது. திரும்பத் திரும்ப நினைவூட்டல் மனு கொடுப்பதாலும் காலக்கெடு நீளாது.

பணியில் சேர்ந்த தேதி பற்றியும் பலருக்குக் குழப்பம். ஒரே தேர்வில் வந்தவர்களுக்குள், அனுமதித்த காலத்துக்குள் நீங்கள் பத்து நாள் தாமதமாகச் சேர்ந்ததால் இடம் போகாது. நேரடி நியமனத்தில் வந்தவருக்கும் பதவி உயர்வில் வந்தவருக்கும் இடையில்தான் நியமனத் தேதி பேசும். காலியிடம் எந்த ஆண்டில் உருவானது என்பதை வைத்து மூப்பு கேட்பதை, மணிப்பூர் காவல்துறை வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

அப்புறம், வழக்கு என்று வந்தால் யாரையெல்லாம் சேர்ப்பது என்ற கேள்வி. நீங்கள் மேலே போனால் கீழே இறங்குகிறவர்கள் எல்லோரும் எதிர்மனுதாரர்கள். அவர்களைச் சேர்க்காத மனு அந்த ஒரு காரணத்தாலேயே விழலாம்.

என்னிடம் வந்தவருக்கு மேலே 32 பேர். அதில் ஒன்பது பேர் உண்மையிலேயே அவரைவிட அதிக மார்க். மீதி 23 பேர் எதிர்மனுதாரர்கள். பெயர்களை எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பதினான்காவது பெயரில் நிறுத்திவிட்டார். "இவங்க என் பக்கத்து சீட்டு. தினமும் ஒண்ணாத்தான் சாப்பிடுறோம். இவங்க மேலயும் போடணுமா?" என்று கேட்டார். போட வேண்டும், முதலில் நீங்களே அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தார். அந்தப் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.