கணுக்காலில் 30, கெண்டைக்காலில் 18

வெரிகோஸ் வெயினுக்காக டாக்டர் எழுதிக்கொடுக்கும் அழுத்தக் காலுறையை முதல்முறை மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது குதிகாலைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். சின்ன சைஸைக் கொடுத்துவிட்டார்களோ என்று பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 23–32 மி.மீ. பாதரசம் என்று போட்டிருக்கும். ஜெர்மன் தரப்படி இது இரண்டாம் வகுப்பு. அந்த அழுத்த எண் கணுக்காலுக்கு மட்டும்தான். மேலே போகப்போக அழுத்தம் குறைய வேண்டும்.

இழுபட்ட துணி சுருங்கப் பார்க்கிறது. கால் உருண்டையாக இருப்பதால் அந்த இழுப்பு உள்நோக்கிய அழுத்தமாகிறது. எவ்வளவு என்பதற்கு லாப்லாஸ் விதி இருக்கிறது: இழுவிசையை ஆரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவே. 22 செ.மீ. சுற்றளவுள்ள கணுக்காலில் 30 மி.மீ. அழுத்தம் வேண்டுமென்றால், ஒரு செ.மீ. அகலத் துணி ஏறத்தாழ 140 கிராம் எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும். அதே இழுப்பு 36 செ.மீ. கெண்டைக்காலில் 18 மி.மீ. அழுத்தத்தைத்தான் தரும்.

ஆகா, படிப்படியான அழுத்தம் தானாகவே கிடைத்துவிட்டதே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஒரே அளவுக் குழாயைத் தடித்த கெண்டைக்காலில் ஏற்றினால் துணி இன்னும் அதிகமாக நீண்டு, இழுப்பும் கூடிவிடும். ஆகவே மேல்பகுதியை வேறு மாதிரி பின்னியாக வேண்டும்.

இந்தத் துணியில் இரண்டு வகை நூல் உண்டு. ஒன்று, பனியன் துணியில் இருப்பதுபோல வளையம் வளையமாகக் கோக்கும் அடிநூல். இன்னொன்று வளையமாகாமல், அந்த வளையங்களின் ஊடே காலைச் சுற்றிக் குறுக்காக ஓடும் நூல். இந்த நூலின் நடுவில் ரப்பர்போல நீளும் எலாஸ்டேன் இழை, அதன்மேல் நைலான் சுற்று. அழுத்தத்தில் பெரும்பங்கு இந்த ஊடுநூலுடையது. அது எவ்வளவு தடிமன், பின்னும்போது எவ்வளவு இழுத்து ஊட்டினார்கள் என்பதே முக்கியம். வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஊசிகளின் எண்ணிக்கை மாறாது. அதனால் வளையத்தின் அளவையும் ஊடுநூலின் இழுப்பையும் மாற்றித்தான் காலின் வடிவத்தைக் கொண்டுவருகிறார்கள். தட்டைப் பின்னலில் ஊசிகளையே கூட்டிக் குறைக்கலாம். பின்னால் ஒரு தையல் விழும், பார்க்க அழகில்லைதான். ஆனால் நிணநீர் வீக்கத்தால் வடிவம் மாறிப்போன கால்களுக்கு அதுதான் சரிப்படும்.

பெட்டியில் ஒரே எண் இருந்தாலும் இரண்டு காலுறைகள் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. காரணம் துணியின் விறைப்பு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை புடைக்கிறது. நன்றாக நீளும் மெல்லிய துணி கூடவே விட்டுக்கொடுத்துவிடும். தடித்த ஊடுநூல் உள்ள விறைப்பான துணி விட்டுக்கொடுக்காது. அதனால் தசை புடைக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் எகிறி, நாளத்து ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் அழுத்தத்தை அளந்து, வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் விறைப்பானது என்கிறார்கள். என்னைக் கேட்டால் பெட்டியில் இதையும் அச்சிட வேண்டும்.

கால் சீரான உருளையும் அல்ல. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் விளிம்பில் ஆரம் சிறியது, அங்கே அழுத்தம் கூடும். கணுக்கால் எலும்புக்குப் பின்னுள்ள குழியில் துணி சரியாகப் படியவே படியாது, அதனால் சில நேரம் அங்கே பஞ்சு மெத்தை வைப்பார்கள். கால் தமனிகளில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு இந்த அழுத்தமே ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி மாட்டக் கூடாது.

நாள் முழுக்க இழுபட்டே இருந்தால் துணி கொஞ்சம் தளரும். துவைத்தால் பெருமளவு மீளும். ஆனாலும் ஆறு மாதத்தில் மாற்றச் சொல்வது வழக்கம். ப்ளீச்சும் கடும் சூடும் எலாஸ்டேனுக்கு ஆகாது.

அப்புறம், நீளமாக இருக்கிறதே என்று பலர் மேல்விளிம்பை மடித்துவிடுகிறார்கள். அங்கே துணி இரண்டு அடுக்காகிறது, அழுத்தமும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கீழே 30 வைத்து மேலே தள்ளிய ரத்தத்துக்கு முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியது மாதிரி ஆகிவிடும்.