மெதுவாகச் சுற்றும் ஃபேனும் ரெண்டரை கண்டென்சரும்

ரெகுலேட்டர் 5-இல் இருக்கிறது. ஃபேனோ 2-இல் வைத்ததுபோல் சோம்பலாகச் சுற்றுகிறது. எரிந்த வாடை இல்லை, கரகரப்பும் இல்லை. உடனே ஃபேனைக் கழற்றி வைண்டிங் கடைக்குத் தூக்கிப்போவது பலரின் வழக்கம். பெரும்பாலும் அது வீண்செலவு. கெட்டிருப்பது நூறு ரூபாய்க்குள் முடியும் ஒரு கண்டென்சராகவே இருக்கும். கெப்பாசிட்டர் என்பதும் இதைத்தான்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட், ஒற்றை ஃபேஸ். இந்த மின்சாரம் ஒரு காயிலில் பாய்ந்தால் காந்தப்புலம் ஒரே கோட்டில் இப்படியும் அப்படியுமாகத் துடிக்கும், சுழலாது. சைக்கிள் பெடல் நேர் உச்சியில் நிற்கும்போது எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் நகராது. ஒருமுறை நகர்ந்துவிட்டால் அதே மிதியில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே காயில் உள்ள மோட்டாரின் நிலையும் இதுதான். ஓடுகிற மோட்டாரை அதனால் ஓட்ட முடியும், நிற்கிற மோட்டாரைக் கிளப்ப முடியாது.

அதனால் ஃபேனுக்குள் ரன்னிங், ஸ்டார்ட்டிங் என்று இரண்டு வைண்டிங், அதாவது இரண்டு காயில் சுற்றுகள், இருக்கும். ஸ்டார்ட்டிங் வைண்டிங்கோடு கண்டென்சர் தொடராக இணைந்திருக்கும். அதன் வழியே போகும் மின்னோட்டம் ரன்னிங் வைண்டிங்கின் மின்னோட்டத்தை ஏறக்குறைய கால் சுழற்சி முந்திக்கொள்கிறது. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் சேர்ந்து சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. 1888-இல் டெஸ்லாவும் இத்தாலியின் ஃபெராரிஸும் தனித்தனியே வெளியிட்ட கருத்து இதுவே. அவர்கள் இரண்டு ஃபேஸ் மின்சாரத்தைக் கொண்டு செய்தார்கள். நம் வீட்டில் அந்த இரண்டாவது ஃபேஸைக் கண்டென்சர் தயாரித்துக் கொடுக்கிறது. பெயர்தான் ஸ்டார்ட்டிங் வைண்டிங். ஃபேன் ஓடும் நேரம் முழுக்க அதுவும் கண்டென்சரும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

கண்டென்சர் படிப்படியாக நோஞ்சானாவதற்குக் காரணம் அதன் அமைப்பு. உள்ளே இருப்பது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் படலம். அதன்மேல் மிக மெல்லிய அலுமினியம் அல்லது துத்தநாகப் பூச்சு. மின்னழுத்தம் தாங்காமல் படலத்தில் எங்காவது ஓட்டை விழுந்தால், அந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் நொடிக்குள் ஆவியாகிவிடும். ஷார்ட் ஆகாமல் கண்டென்சர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் பூச்சின் பரப்பு கொஞ்சம் குறையும். உள்ளே ஈரப்பதம் புகுந்தால் பூச்சு அரிக்கவும் செய்யும். கண்டென்சரின் கொள்திறனை மைக்ரோஃபாரட் என்ற அலகில் சொல்வார்கள். 2.5 மைக்ரோஃபாரட் 2 ஆகி, 1.5 ஆகும்போது ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் பங்கு சுருங்கி, இழுவை குறைந்து, வேகம் விழுகிறது. ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் ஒரு கோடை முழுக்க யாருமே கவனிக்காமல் போவதும் உண்டு.

ஸ்டூலில் ஏறுவதற்கு முன் கீழே நின்றே பாதி விஷயத்தைக் கண்டுபிடித்துவிடலாம். எல்லா ஃபேனும் மெதுவாகச் சுற்றினால் அது லோ வோல்டேஜ். ஒன்று மட்டும் என்றால் அதன் ரெகுலேட்டரைப் பாருங்கள். எண் எண்ணாக நின்று திரும்பும் ஸ்டெப் வகை ரெகுலேட்டருக்குள்ளும் சிறு கண்டென்சர்கள் உண்டு; 5-ஆம் எண்ணில் மட்டும் அவற்றைத் தொடாமல் மின்சாரம் நேரே போகும். எனவே 5-இல் சரியாக ஓடி, 1, 2-இல் மட்டும் நின்றுபோனால் கோளாறு ரெகுலேட்டரில். 5-இலேயே மந்தம் என்றால் ஃபேனில். எந்த எண்ணில் வைத்தாலும் முழு வேகம்தான் என்றால், அது இடையில் நிற்காமல் சீராகத் திருகும் வகை ரெகுலேட்டராக இருந்தால், உள்ளே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரையாக் என்ற எலெக்ட்ரானிக் பாகம் ஷார்ட் ஆகியிருக்கும்.

ஃபேன் கிளம்பவே இல்லை, 'ம்ம்ம்' என்று முனகுகிறது என்றால், முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டு இறக்கையைத் தள்ளிப் பாருங்கள். இறுகினால் பேரிங் போயிற்று. லேசாகச் சுற்றினால், ஸ்விட்சைப் போட்டு, காய்ந்த மூங்கில் ஒட்டடைக்கம்பால் இறக்கையை மெல்லத் தள்ளுங்கள். தள்ளிய பக்கம் ஓடுகிறது, நிறுத்தி எதிர்ப்பக்கம் தள்ளினால் அந்தப் பக்கமும் ஓடுகிறது என்றால் கண்டென்சர் முழுதாகப் போய்விட்டது, அல்லது ஸ்டார்ட்டிங் வைண்டிங் அறுந்திருக்கிறது. சில நொடிகளுக்குமேல் முனகவிடாதீர்கள், காயில் சூடாகும்.

முனகல்கூட இல்லாவிட்டால் மின்சாரம் ஃபேன்வரை வரவில்லை என்றே தொடங்குங்கள்: ஸ்விட்ச், ரெகுலேட்டர், மேலே கனெக்டரில் கழன்ற வயர்.

இனி கழற்றும் வேலை. ஸ்விட்சை அணைத்தால் போதாது. சில வீடுகளில் ஸ்விட்சை நியூட்ரலில் கொடுத்திருப்பார்கள்; அணைத்தாலும் ஃபேஸ் ஃபேனில் இருக்கும். எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள ட்ரிப் ஸ்விட்ச்) இறக்கி, டெஸ்டரால் சரிபாருங்கள். மோட்டாருக்கு மேலே ராடைச் சுற்றியுள்ள கிண்ணத்தை நகர்த்தினால் கண்டென்சர் தெரியும். வயர்களின் நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு பிரியுங்கள். வைண்டிங்குகள் நல்ல நிலையில் இருந்தால், அணைத்த அடுத்த கணமே கண்டென்சரின் மின்னூட்டம் அவற்றின் வழியே வடிந்துவிடும். ஆனால் பழுதான ஃபேனில் வைண்டிங் அறுந்திருக்கலாம், அப்போது வடியாது. அதனால் இரு முனைகளையும் கைப்பிடிக்கு இன்சுலேஷன் உள்ள ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை தொட்டுவிடுங்கள். மிச்சமிருக்கும் மின்னூட்டம் கையில் தரும் அதிர்ச்சியைவிட அதில் துள்ளி ஸ்டூலிலிருந்து விழுவதுதான் பெரிய ஆபத்து.

மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் அளவீடு இருந்தால் நிமிட வேலை. 2.5 என்று அச்சிட்டது 5 சதவீத வித்தியாசத்துக்குள், அதாவது 2.37-க்குக் குறையாமல் காட்ட வேண்டும். 2-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் மாற்றலாம். கண்டென்சரை ப்ளக்கில் செருகிச் சார்ஜ் ஏற்றி, முனைகளைத் தொட்டுப் பொறி பறக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆபத்து ஒருபுறம்; பாதி செத்த 1.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் நன்றாகவே பொறி விடும். அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது.

வாங்கும்போது பழையதில் உள்ள எண்ணையே கேளுங்கள். 1200 மில்லிமீட்டர் ஃபேன்களில் பெரும்பாலும் 2.5, சிலவற்றில் 2.25 அல்லது 3.15. கடையில் 'ரெண்டரை கண்டென்சர்' என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். 440 வோல்ட் ஏசி என்று போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். காயிலோடு தொடரில் இருப்பதால் கண்டென்சரின் குறுக்கே மெயின்ஸைவிட அதிக வோல்டேஜ் எழும். 250 வோல்ட் சரக்கு தாங்காது. வேகம் கூடட்டும் என்று 4 மைக்ரோஃபாரட் போடுவது கெட்ட யோசனை. ஸ்டார்ட்டிங் வைண்டிங்கில் கூடுதல் மின்னோட்டம் பாய்ந்து கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சு கருகும், பிறகு நிஜமாகவே வைண்டிங் கடைக்குப் போக வேண்டிவரும்.

கண்டென்சருக்கு பிளஸ், மைனஸ் கிடையாது. நியூட்ரல் இரண்டு வைண்டிங்கும் சேரும் பொது வயருக்கு. ஃபேஸ் ரன்னிங் வயருக்கும் கண்டென்சரின் ஒரு முனைக்கும். கண்டென்சரின் மறுமுனை ஸ்டார்ட்டிங் வயருக்கு. எது எது என்று குழம்பினால், கண்டென்சரைக் கழற்றிய நிலையில் ஃபேனிலிருந்து வரும் மூன்று வயர்களையும் இரண்டிரண்டாக மல்டிமீட்டரின் ஓம் (மின்தடை) அளவில் பாருங்கள். எந்த இரண்டுக்கிடையே மிக அதிக எண் வருகிறதோ அவை ரன்னிங்கும் ஸ்டார்ட்டிங்கும். மிச்சமுள்ளது பொது வயர். அந்தப் பெரிய எண் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஜோடி எண்ணே காட்டாவிட்டால் வைண்டிங் அறுந்திருக்கிறது, புதுக் கண்டென்சரால் பயனில்லை. பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனுக்கு இவை எதுவும் பொருந்தாது. அதை ஓட்டுவது எலெக்ட்ரானிக் போர்டு.

மாட்டி முடித்தபின் காற்று கீழே வராமல் கூரையை நோக்கிப் போனால் பயப்பட வேண்டாம், ரன்னிங்கும் ஸ்டார்ட்டிங்கும் இடம் மாறியிருக்கின்றன. எம்சிபியை மறுபடி இறக்கிவிட்டு, ஃபேஸ் வயரைக் கண்டென்சரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றிக் கொடுங்கள். நியூட்ரலைத் தொட வேண்டியதில்லை.